சோயா: அதிர்ஷ்டக் கப்பலா, வேலைக் கப்பலா?

#1 கரைமணல்

போன மாதம் டோக்கியோவில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடைபா பக்கம் கூட்டிப் போனான். அங்கே கடல்சார் அறிவியல் அருங்காட்சியகத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழைய கப்பல் கட்டிக் கிடந்தது. நீளம் 83 மீட்டர்தான் இருக்கும். மீன்பிடிக் கப்பல் போல என்று நினைத்தேன். பெயரைப் படித்து மகன் 'சோயா' என்றான். எனக்கு உடனே மீல்மேக்கர்தான் ஞாபகம் வந்தது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினவன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கினேன். அதற்குள் மருமகள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

இந்தக் கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோவியத் யூனியனுக்காகக் கட்டத் தொடங்கி, 1938 இல் சரக்குக் கப்பலாக ஓடத் தொடங்கியது. 1940 இல் ஜப்பான் கடற்படையின் துணைக் கப்பல் ஆனது. போர் முடிந்ததும் அகதிகளை ஏற்றி வந்தது. பிறகு கலங்கரை விளக்கங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டு போனது, ஆறு முறை அண்டார்டிகா போனது, கடைசியாக ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவின் பனிக்கடலில் மீட்புக் கப்பலாக 1978 வரை உழைத்தது. மொத்தம் 40 வருடம்.

ஜப்பானில் இதற்கு அதிர்ஷ்டக் கப்பல் என்று பெயர். எனக்கு அந்தப் பட்டத்தில்தான் சந்தேகம். கடலில் 30 வருடம் இருந்தவன் நான், அதிர்ஷ்டத்தை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கப்பலின் கதையில் அந்த வார்த்தை நிறைய பேருடைய உழைப்பை மூடி மறைக்கிறதோ என்று படுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

#2 சும்மாவந்தேன்

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன் ஐயா. சோவியத்துக்காகக் கட்டிய கப்பல் எப்படி ஜப்பான் கடற்படைக்குப் போனது? பணம் கட்டாமல் ஏமாற்றிவிட்டார்களா?

#3 நிலாக்கடல்

பணம் கட்ட வேண்டியது ஜப்பான் தரப்புதான் தம்பி. அங்கேதான் வேடிக்கை.

சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவின் குறுக்கே ரஷ்யர்கள் போட்ட ரயில் பாதை ஒன்று இருந்தது. 1935 இல் சோவியத் அதை மஞ்சுகுவோவுக்கு விற்றது. மஞ்சுகுவோ என்பது ஜப்பான் வைத்த பொம்மை அரசு. விலை 14 கோடி யென். அதில் மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மீதி சரக்காகத் தரவேண்டும் என்று ஒப்பந்தம். அந்தச் சரக்குக் கணக்கில்தான் பனிக்கடலில் ஓடக்கூடிய மூன்று கப்பல்களை சோவியத் கேட்டது. நாகசாகியை ஒட்டிய கொயாகி தீவில் வேலை ஆரம்பித்தது. 1938 பிப்ரவரியில் தண்ணீரில் இறக்கியபோது நம் கப்பலுக்கு 'வொலொசாயெவெட்ஸ்' என்று ரஷ்யப் பெயர்.

அதற்குள் இரு நாட்டு உறவு கெட்டுவிட்டது, கப்பல்கள் கைமாறவே இல்லை. அதே ஆண்டு ஜூனில் 'சிரியோ மாரு' என்ற பெயரில் ஜப்பானியச் சரக்குக் கப்பலாக ஓடத் தொடங்கியது. கூடப் பிறந்த மற்ற இரண்டுக்கும் தென்ரியோ மாரு, மின்ரியோ மாரு என்று பெயர். அவை இரண்டும் போரில் மூழ்கிவிட்டன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கடற்படையில் 'சோயா' என்று பெயர் தாங்கிய முதல் கப்பல் இதுவல்ல. 1904 இல் கொரியாவின் செமுல்போ துறைமுகத்தில் ரஷ்யர்களே மூழ்கடித்த 'வர்யாக்' என்ற போர்க்கப்பலை ஜப்பான் மேலே தூக்கிச் சரிசெய்து 'சோயா' என்று பெயர் வைத்தது. 1916 இல் அதை ரஷ்யாவுக்கே திருப்பி விற்றது. ஆக, இரண்டு சோயாவுக்கும் ரஷ்ய பூர்வீகம்!

#4 சும்மாவந்தேன்

நன்றி அக்கா. 'சோயா' என்றால் என்ன அர்த்தம்? பீன்ஸ் இல்லையே?

#5 நிலாக்கடல்

பீன்ஸ் இல்லை :) ஹொக்கைடோவுக்கும் சகாலின் தீவுக்கும் நடுவில் உள்ள நீரிணையின் பெயர். அந்த முனையில் இருக்கும் ஊர் வக்கனாய். அந்த ஊர்ப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

#6 கரைமணல்

கடற்படை ஏன் இதை வாங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் இரண்டு. ஒன்று, பனியைத் தாங்கும் உடம்பு. இரண்டாவது, கடலின் ஆழத்தை ஒலி அனுப்பி அளக்கும் எக்கோ சவுண்டர். பிரிட்டனில் செய்த நல்ல கருவி ஒன்று இதில் பொருத்தியிருந்தது, சோவியத் கேட்டிருந்ததால். சர்வே வேலைக்கு அது தங்கம். 1940 பிப்ரவரியில் சோயா என்று பெயர் மாற்றினார்கள். சில பீரங்கிகள் ஏற்றினார்கள். வட கடல்களிலும் பிறகு தெற்கே சைப்பான் பக்கமும் ஆழம் அளக்க அனுப்பினார்கள்.

இந்த வேலையை வெளியே யாரும் பேசமாட்டார்கள். தென் பசிபிக்கில் பவளப்பாறை நிறைந்த தீவுகளுக்கிடையே பெரிய கப்பல் போக வேண்டுமானால் முன்னால் ஒருவன் போய் ஆழம் பார்த்து வரைபடம் போட்டிருக்க வேண்டும். சோயாவின் உச்ச வேகமே மணிக்கு 12 நாட்டிகல் மைல் சொச்சம்தான். சர்வே என்றால் அந்த வேகமும் கிடையாது, ஊர்ந்துதான் போகவேண்டும். எதிரி நீர்மூழ்கிகள் திரியும் கடலில் ஒரே கோட்டில் மெதுவாகப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி... நினைத்துப் பாருங்கள். பசிபிக்கில் அமெரிக்கர் வசம் இருந்த மிட்வே தீவைப் பிடிக்கப் போன படையின் துணைக் கப்பல்களிலும் இது ஒன்று.

#7 டீசல்மணி

வந்துவிட்டேன். அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் முதலில் காட்டும் சம்பவம் 1943 ஜனவரி 28. சாலமன் தீவுகளில் புகா அருகே சோயா நின்றிருந்தபோது அமெரிக்க நீர்மூழ்கி 'கிரீன்லிங்' நான்கு டார்பிடோ விட்டது. ஒன்று வந்து மோதியது, வெடிக்கவில்லை. உடனே "கடவுள் காப்பாற்றினார்" கதை.

அன்றைய தேதியில் அமெரிக்காவின் மார்க் 14 டார்பிடோவின் லட்சணம் என்ன என்று பாருங்கள். குறித்ததைவிடப் பத்து அடி ஆழமாக ஓடும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தினால் காந்த வெடிப்பான் கோளாறு. அதையும் அணைத்துவிட்டு நேரடி மோதலை நம்பினால், வெடிக்க வைக்கும் ஊசி வளைந்து போகும்! இதில் கொடுமை என்னவென்றால், கப்பலின் விலாவில் செங்குத்தாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல மோதினால்தான் ஊசி வளையும். சாய்வாக, அரைகுறையாக மோதினால் வெடித்துவிடும். நன்றாகக் குறி பார்த்தவனுக்குத்தான் தண்டனை.

1943 ஜூலையில் 'டினோசா' என்ற நீர்மூழ்கி, பசிபிக்கில் ஜப்பான் கடற்படைத் தளமாக இருந்த ட்ரக் தீவுகள் அருகே மூன்றாம் டோனன் மாரு என்ற பெரிய எண்ணெய்க் கப்பலை நிறுத்திவைத்து அடித்தது. மொத்தம் 15 டார்பிடோ. நின்றுபோன கப்பலின் விலாவில் ஒன்றன்பின் ஒன்றாக மோதியும் வெடிக்கவில்லை, கப்பலும் மூழ்கவில்லை. கப்டன் வெறுத்துப்போய்க் கடைசி டார்பிடோவை ஆதாரமாகத் திருப்பி எடுத்துப் போனார். அப்புறம்தான் பேர்ல் ஹார்பரில் வெடிமருந்து இல்லாத டார்பிடோ முனைகளைக் கிரேனில் தூக்கி இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். பத்தில் ஏழு வேலை செய்யவில்லை.

பத்தில் ஏழு போகாத காலத்தில் ஒரு டார்பிடோ வெடிக்காமல் போனால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா, சராசரியா?

#8 தூத்துக்குடிக்காரன்

மணி அண்ணே, கணக்கு சரி. ஆனால் பத்தில் மூன்று வெடிக்கும்தானே! அந்தக் கப்பலின் அடித்தளத்தில் நின்று 'டங்' என்று சத்தம் கேட்டவனிடம் போய்ச் சராசரி பேசிப் பாருங்கள்.

#9 டீசல்மணி

அது வேறு விஷயம். அவன் கும்பிட்டிருப்பான், நானும் கும்பிட்டிருப்பேன். நான் பேசுவது 80 வருடம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பற்றி.

#10 நிலாக்கடல்

சரி, அப்படியானால் ட்ரக்கை என்ன செய்வீர்கள்? 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் ட்ரக் கடல்தளத்தைத் துவைத்து எடுத்தன. சுமார் 40 கப்பல்கள் போயின, அதில் பெரும்பாலானவை சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும்தான். குண்டுகளுக்குத் தப்பி ஓடும்போது சோயா பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நகர முடியாத கப்பல் என்றால் விமானிக்கு அல்வா. கப்பலைக் கைவிட்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மறுநாள் காலை கடல் ஏற்றத்தில் அது தானாகவே விடுபட்டு மிதந்துகொண்டிருந்தது. ஆட்கள் திரும்பி ஏறினார்கள்.

டார்பிடோவுக்குச் சராசரி சொன்னீர்கள். இதற்கு?

#11 டீசல்மணி

இதற்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாதிப் பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்க விமானிகள் எதைத் தேடினார்கள்? எண்ணெய்க் கப்பலை, பெரிய சரக்குக் கப்பலை, பழுதுபார்க்கும் கப்பலை. பாறையில் மாட்டிய 2,000 டன் சொச்சம் சர்வே கப்பலுக்கு எத்தனை குண்டு செலவழிப்பார்கள்? சிறிதாக, மதிப்புக் குறைவாகத் தெரிவதும் ஒரு கவசம்தான்.

#12 நிலாக்கடல்

இந்த இடத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன், ஏனென்றால் மற்ற துணைக் கப்பல்களின் முடிவு அதைத்தான் காட்டுகிறது.

'அகாஷி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பதற்கென்றே ஜப்பான் கடற்படை புதிதாகக் கட்டிய ஒரே கப்பல். 1939 இல் முடிந்தது. வயிற்றுக்குள் ஒரு முழுத் தொழிற்சாலை, அதில் பல கடைசல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தவை. ட்ரக்கில் அடிபட்ட கப்பல்களையெல்லாம் தாய்நாடு வரை அனுப்பாமல் அங்கேயே தேற்றி அனுப்பியது இதுதான். ட்ரக் தாக்குதலில் தப்பித்தது, அடுத்த மாதமே பலாவ் தீவுகளில் குண்டுவீச்சில் மூழ்கடித்துவிட்டார்கள்.

'மாமியா' இன்னொன்று. (தமிழில் இந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள்.) 1924 இல் கட்டிய உணவுக் கப்பல். 18,000 பேருக்கு மூன்று வாரச் சாப்பாடு தாங்கும். ரொட்டி, டோஃபு, ஐஸ்கிரீம் எல்லாம் உள்ளேயே தயாராகும். அதில் செய்யும் 'யோகன்' என்ற இனிப்புக்குக் கடற்படை முழுவதும் அடிமை. காராமணி போன்ற சிவப்புப் பயற்றை அரைத்துச் சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துக் கட்டியாக்கித் துண்டு போடுவார்கள், கிட்டத்தட்ட நம் கடல்பாசி அல்வா மாதிரி. மாமியா துறைமுகத்துக்குள் வருகிறது என்றால் போர்க்கப்பல்களில் ஆரவாரமாம். 1944 டிசம்பரில் தென் சீனக் கடலில் 'சீலயன்' என்ற நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. அதற்கு முன்பே இரண்டு தடவை டார்பிடோ பட்டுத் தேறி வந்த கப்பல். சோயாவைப் போலவே "தப்பித்தது" என்ற பட்டம் அதற்கும் கொடுத்திருக்கலாம், மூன்றாவது தடவை வராமல் இருந்திருந்தால்.

#13 சும்மாவந்தேன்

மாமியாருக்கே மூன்று டார்பிடோ தேவைப்பட்டிருக்கிறது.

#14 மட்டுறுத்துநர்

ஜப்பானின் யமாட்டோவா, அமெரிக்காவின் அயோவாவா, எந்தப் போர்க்கப்பல் பலசாலி என்று இங்கே ஆரம்பித்த ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மாமியார் ஜோக் ஒன்று மட்டும் அனுமதி. சோயாவுக்குத் திரும்புங்கள்.

#15 கரைமணல்

நன்றி மட்டுறுத்துநரே.

போரின் கடைசி மாதங்களைச் சேர்த்துவிட்டு நகர்கிறேன். 1945 ஜூன் 26, ஹொன்ஷுவின் வடகிழக்கே இவாத்தே கரையோரம். 'பார்ச்' என்ற நீர்மூழ்கி சோயா இருந்த கப்பல் கூட்டத்தைத் தாக்கியது. கூடப் போன இரண்டு சரக்குக் கப்பல்களும் மூழ்கின. சோயா தப்பியது. இந்தத் தடவை அமெரிக்க டார்பிடோ நன்றாகவே வெடித்தது என்பதை மணி கவனிக்க.

போர் முடிந்தபின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானுக்கு வெளியே ராணுவத்தினரும் குடிமக்களுமாக அறுபது லட்சம் பேருக்கு மேல் சிதறிக் கிடந்தார்கள். மிதக்கக்கூடிய கப்பல்களோ மிகக் குறைவு. சோயாவின் பீரங்கிகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு அறைகளில் பலகைத் தட்டு அடித்து ஆட்களை ஏற்றினார்கள். தெற்குத் தீவுகள், சீனக் கரை, கடைசியில் சகாலின் என்று மூன்று வருடம் ஓடியது. 1948 நவம்பர் வரை 19,000 பேருக்கு மேல் வீடு சேர்த்தது. யுத்தத்தில் எத்தனை தடவை தப்பியது என்பதை எல்லோரும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணிக்கையைக் கப்பலிலேயே ஒரு மூலையில்தான் பார்த்தேன்.

அதன்பின் கடல் பாதுகாப்பு அமைப்புக்குப் போனது. வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வேலை. அப்போது பல விளக்கங்கள் சாலையே இல்லாத முனைகளில் இருந்தன. காவலர்கள் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். அரிசி, எண்ணெய், துணிமணி, பிள்ளைகளுக்கான சாமான் எல்லாம் இந்தக் கப்பல் வந்தால்தான். 'கடலின் கிறிஸ்துமஸ் தாத்தா' என்று பெயர் வந்தது.

#16 தூத்துக்குடிக்காரன்

மணப்பாட்டில் என் தாத்தாவுடைய கூட்டாளி ஒருவர் விளக்கில் வேலை பார்த்தவர். மாதச் சாமான் வரத் தாமதமானால் வீட்டில் என்ன சண்டை நடக்கும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாலை இருந்த இடத்திலேயே அப்படி. படகே போகாத முனையில் மனைவி மக்களோடு இருந்தவன் அந்த வெள்ளைக் கப்பலை எப்படிப் பார்த்திருப்பான்!

#17 டீசல்மணி

இப்போது என் பேட்டைக்கு வருகிறோம். அண்டார்டிகா.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. உலக நாடுகள் சேர்ந்து அண்டார்டிகாவைப் பங்கு போட்டு ஆராயத் திட்டம் போட்டன. போரில் தோற்றுப் பத்தே வருடம் ஆகியிருந்த ஜப்பானும் 1955 இல் கைதூக்கியது. கிடைத்தது இளவரசர் ஹரால்ட் கரை. அடர்ந்த பனி சூழ்ந்து, கப்பல் அணுகவே முடியாத கரை என்று பெயர் எடுத்த இடம். வேண்டாதவனுக்குக் கொடுக்கும் கடைசி வரிசை ஸீட்.

கப்பல் எங்கே? புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. வக்கனாய்க்கும் சகாலினுக்கும் இடையே ஓடிய 'சோயா மாரு' என்ற ரயில்வே பயணிக் கப்பலையும் யோசித்தார்கள். கடைசியில் நம் சோயா. ஆக, போட்டி இரண்டு சோயாக்களுக்குள்!

மாற்றியமைக்கும் வரைபடத்துக்குத் தலைமை தாங்கியவர் மகினோ ஷிகேரு. யமாட்டோ போர்க்கப்பலின் வடிவமைப்பாளர்களில் ஒருவர். உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலுக்குக் கோடு போட்ட கை, பதினெட்டு வயதான சின்னச் சரக்குக் கப்பலின் விலாவுக்குத் தகடு ஒட்டக் கணக்குப் போட்டது. 1956 மார்ச் முதல் அக்டோபர் வரை யோகோஹாமாவில் வேலை. பழைய ஒற்றை நீராவி எஞ்சினைப் பிடுங்கிவிட்டு 2,400 குதிரைசக்தி டீசல் இரண்டு, ப்ரொபெல்லர் இரண்டு. இருபக்கமும் உடம்பை அகலமாக்கி, முன்பகுதியான அணியத்தைக் கனத்த தகட்டால் மாற்றி, ஹெலிகாப்டர் இறங்க மேடை அமைத்து... உண்மையில் பழைய கப்பலில் மிச்சம் இருந்தது எலும்பும் பெயரும்தான். ஒரு மீட்டர் பனியை உடைக்கலாம் என்பது இலக்கு.

ஏழு மாதத்தில்! நான் வேலை பார்த்த ஒரு யார்டில் (பெயர் வேண்டாம்) ஒரு ஜெனரேட்டர் மாற்ற ஐந்து மாதம் இழுத்தார்கள். அதனால்தான் அதிர்ஷ்டம் என்ற சொல் என் காதில் நாராசமாக விழுகிறது. பணமும் ஊர் போட்டதுதான். அசாஹி செய்தித்தாள் முன்னின்று நிதி திரட்டியது, பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குச் சில யென் போட்டார்கள்.

#18 தூத்துக்குடிக்காரன்

பனியுடைக்கும் கப்பல் திறந்த கடலில் எப்படி ஆடும் தெரியுமா? அடிவயிறு உருண்டை. பனி அழுத்தினால் கப்பல் நசுங்காமல் மேலே வழுக்கி எழ வேண்டும் என்று அந்த வடிவம். சாதாரணக் கப்பலின் அடியில் இருபுறமும் ஆட்டத்தைக் குறைக்க நீளப் பட்டை ஒன்று இருக்கும், பில்ஜ் கீல் என்போம். பனி பிய்த்துவிடும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். ஆக, கிண்ணத்தைக் கடலில் மிதக்கவிட்டது மாதிரி. சோயா டோக்கியோவில் கிளம்பி சிங்கப்பூர், கேப் டவுன் வழியாகத் தெற்கே இறங்கியது. கேப் டவுனுக்குக் கீழே 40, 50 பாகை அட்சரேகைக் கடலில் காற்று எப்படி அடிக்கும் என்று ஒரே ஒரு தடவை பட்டிருக்கிறேன், 40,000 டன் கப்பலில். அதிலேயே மூன்று நாள் ரசம் சோறுகூட உள்ளே நிற்கவில்லை. 4,000 டன் கிண்ணத்தில் விஞ்ஞானிகளை வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

#19 நிலாக்கடல்

1956 நவம்பர் 8 அன்று கிளம்பினார்கள். கப்டன் மட்சுமோடோ மிட்சுஜி, குழுத் தலைவர் நகாடா தகேஷி. 1957 ஜனவரி 29 அன்று ஓங்குல் தீவில் கொடி ஏற்றி ஷோவா நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பனிக்காலம் முழுக்கத் தங்க 11 பேரை விட்டுவிட்டு பிப்ரவரி நடுவில் திரும்பினால், சோயா பனியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை.

பிப்ரவரி 28 இல் பாதை வெட்டி மீட்டது யார் தெரியுமா? சோவியத்தின் 'ஓப்' என்ற கப்பல். ஆர்டர் கொடுத்த வீட்டுக்காரனே இருபது வருடம் கழித்து வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

அடுத்த பயணம் தோல்வி. 1957 டிசம்பர் கடைசியில் மறுபடி பனியில் மாட்டி, வாரக்கணக்கில் பனியோடு சேர்ந்து நகர்ந்தது. ப்ரொபெல்லர் இதழ் உடைந்தது. அமெரிக்காவின் 'பர்ட்டன் ஐலண்ட்' என்ற பனியுடைக்கும் கப்பல் உதவிக்கு வந்தும் கரையை நெருங்க முடியவில்லை. நிலையத்தில் இருந்த 11 பேரைச் சிறு விமானத்தில் கொண்டுவந்தார்கள். பெண் நாய் ஒன்றும் அதன் குட்டிகளும் வந்தன. மற்ற 15 நாய்களைச் சங்கிலியில் கட்டிவிட்டு வந்தார்கள், அடுத்த குழு இறங்கிவிடும் என்ற எண்ணத்தில். வானிலை மோசமாகிக்கொண்டே போனது. 1958 பிப்ரவரி 24 அன்று முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த நாய்கள் சகாலின் இனத்தவை. வண்டி இழுக்கப் பயிற்சி கொடுத்த ஊர் வக்கனாய். சோயா நீரிணையின் கரையில் உள்ள ஊர் என்று மேலே சொன்னேனே, அதேதான்.

#20 சும்மாவந்தேன்

சங்கிலியோடா? அவிழ்த்தாவது விட்டிருக்கலாமே. இதைப் படித்தபிறகு இந்தக் கப்பல் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

#21 நிலாக்கடல்

உங்கள் கோபம் புதிதல்ல தம்பி. அன்று ஜப்பானிலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1959 ஜனவரி 14 அன்று மூன்றாவது குழு ஹெலிகாப்டரில் இறங்கியபோது இரண்டு நாய்கள் உயிரோடு ஓடிவந்தன. டாரோ, ஜிரோ. அண்ணன் தம்பி. ஏழு நாய்கள் சங்கிலியிலேயே செத்திருந்தன, ஆறு காணவில்லை. ஜிரோ அடுத்த வருடம் அண்டார்டிகாவிலேயே இறந்தது. டாரோ திரும்பி வந்து சப்போரோவில் 1970 வரை வாழ்ந்தது.

உலகம் இரண்டு நாய் பிழைத்ததைக் கொண்டாடுகிறது. எனக்கு அந்த ஏழு கழுத்துப்பட்டைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

#22 கரைமணல்

தம்பியின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கப்பலில் இருந்தவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. உடைந்த ப்ரொபெல்லர், குறைந்துகொண்டே வரும் எரிபொருள், மூடிக்கொண்டு வரும் பனி. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று நிற்பதுதான் கடலில் ஆட்களைக் கொல்லும். திரும்பு என்று சொன்ன கப்டன் அன்று இரவு தூங்கியிருக்கமாட்டார். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தத் தோல்வியிலிருந்து எடுத்த முடிவைப் பாருங்கள். மூன்றாவது பயணத்துக்குப் பெரிய ஹெலிகாப்டர்களை ஏற்றினார்கள். கப்பல் கரை வரை பனியை உடைத்துப் போகவேண்டிய அவசியமே இல்லாமல், பாதுகாப்பான தூரத்தில் நின்று சாமானை வான்வழி இறக்கினார்கள். தன் கப்பலால் எது முடியாது என்று தெரிந்து வேலையை மாற்றிக்கொண்டார்கள். ஆறு பயணம் முடித்து 1962 இல் நிலையத்தையே தற்காலிகமாக மூடினார்கள், சோயா தேய்ந்துவிட்டது என்று. 'ஃபுஜி' என்ற புதுக் கப்பல் வந்த பிறகுதான் மறுபடி திறந்தது.

#23 டீசல்மணி

ஜப்பான் ஏகாதிபத்தியக் கடற்படையின் கப்பல்களில் இன்றும் தண்ணீரில் மிதப்பது சோயா மட்டும்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். யோகோஹாமாவில் 'ஹிகாவா மாரு' மிதக்கிறதே, அதை ஏன் விட்டார்கள்?

#24 நிலாக்கடல்

ஹிகாவா மாரு 1930 இல் கட்டிய பயணிக் கப்பல். போரின்போது கடற்படை அதை மருத்துவக் கப்பலாக ஓட்டியது, ஆனால் வாடகை வீட்டுக்காரன் மாதிரி. சோயாவைச் சொந்தமாக வாங்கித் தன் கப்பல் பட்டியலிலேயே சேர்த்தது. அந்த வேறுபாட்டில்தான் இந்தப் பெருமை நிற்கிறது. யோகோசுகாவில் உள்ள 'மிகாசா' 1902 இல் பிரிட்டனில் கட்டிய போர்க்கப்பல், கடற்படைக்கே உரியதுதான். ஆனால் அதன் அடிப்பாகம் கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது, மிதக்கவில்லை.

#25 டீசல்மணி

சரி, ஏற்றுக்கொள்கிறேன். பத்திரம் யார் பெயரில் என்பதுதான் கேள்வி.

#26 தூத்துக்குடிக்காரன்

அண்டார்டிகாவுக்குப் பிறகு 16 வருடம் ஹொக்கைடோவில் ஓடியதை ஒரே வரியில் விட்டுவிட்டீர்களே. குளிர்காலத்தில் ஒகோட்ஸ்க் கடலிலிருந்து பனி இறங்கும். மீன்பிடிப் படகுகள் மாட்டிக்கொள்ளும், மேல்தளத்தில் உறையும் பனியின் கனத்திலேயே கவிழ்ந்துவிடும். அங்கேதான் சோயா. 350 தடவைக்கு மேல் மீட்புக்குப் போய் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 1970 மார்ச்சில் எடொரோஃபு தீவின் ஹிட்டொகப்பு வளைகுடாவில் படகுகள் கூட்டமாகப் பனியில் சிக்கியபோது பனியை உடைத்துக்கொண்டு போனதும் இதுதான். 1941 இல் பேர்ல் ஹார்பரைத் தாக்க விமானந்தாங்கிகள் கூடிக் கிளம்பினது அதே வளைகுடா.

கடல்தொழில் குடும்பத்தில் பிறந்தவன் நான். எனக்கு அண்டார்டிகாவும் வேண்டாம், யமாட்டோ என்ஜினியரும் வேண்டாம். அந்தப் படகுக்காரன் பார்வையில் பாருங்கள், அவன் இதை அதிர்ஷ்டக் கப்பல் என்றுதான் சொல்வான். அதிர்ஷ்டம் அவனுடையது.

#27 கரைமணல்

இழை தொடங்கியவன் நான். தூத்துக்குடிக்காரர் சொன்னதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. அந்தப் பொருளில் என்றால் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

1978 அக்டோபர் 2 அன்று ஓய்வு. அடுத்த வருடம் மே மாதத்திலிருந்து ஒடைபாவில் பார்வைக்கு. போகிறவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கதவு நிலைகள் தாழ்வு. நான் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன்.

#28 சும்மாவந்தேன்

கடைசியாக ஒரு கேள்வி. முதல் பயணத்தில் ஒரு பூனையும் போனதாமே?

#29 நிலாக்கடல்

போனது. மூவர்ணப் பூனை, அதிலும் கடுவன். மூவர்ணத்தில் கடுவன் பிறப்பது மிக அரிது, அதனால் மாலுமிகளுக்கு அது வேண்டுதலுக்குரிய பூனை. குழுத் தலைவரின் பெயரையே வைத்துத் தகேஷி என்று கூப்பிட்டார்கள். பூனையைத் திட்டும்போது தலைவரையும் சேர்த்துத் திட்டலாம் என்ற வசதியும் இருந்திருக்கும். 11 பேரோடு ஷோவாவில் ஒரு வருடம் இருந்தது, அவர்களோடு விமானத்தில் ஏறிச் சோயாவுக்குத் திரும்பியது. ஜப்பானில் குழு உறுப்பினர் ஒருவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நாளிலேயே அங்கிருந்து எங்கேயோ போய்விட்டது, பிறகு யார் கண்ணிலும் படவில்லை.